அயனிப் பெட்டிக்குள் ஒன்பது பேனா

என்னிடம் இப்போது பதினான்கு பேனா இருக்கிறது. பதின்மூன்றில் எழுதியிருக்கிறேன். ஒன்றில் இதுவரை ஒரு சொட்டு மை இறங்கியதில்லை. அந்த ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மற்றவை நடுவில் புகுந்து பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேனா சேர்க்கிறவனிடம் ஒரு பேனாவைப் பற்றி மட்டும் பேசு என்றால் அது நடக்கிற காரியமில்லை.

புதுக்கடைக்குப் பக்கத்தில் மகாராஜாவின் அஞ்சல் ஆபீஸ் ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தபோது இருபத்திரண்டு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. ஆபீசில் கொடுப்பது மரக்கட்டையில் இரும்பு முள் செருகிய பேனா. மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும். மூன்று வார்த்தைக்கு ஒரு முறை தொட்டால், நாலாவது வார்த்தையில் ஒரு கொழுத்த சொட்டு விழுந்து மேல்விலாசத்தைத் தின்றுவிடும். எனக்கு அப்போதே மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டு கட்டைப் பேனாவை முறித்துப் போட்டிருக்கிறேன் என்று ஆபீசில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. உண்மையில் மூன்று.

ஒரு நாள் சோதனைக்கு வந்த மேலதிகாரி, சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைத் திருகி, மையில் தொடாமலே இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் போனார். அது கறுப்பாகவும் இல்லை, பச்சையாகவும் இல்லை. நீலமும் பச்சையும் கறுப்பும் அலையலையாக ஓடி, அப்போதுதான் வலையிலிருந்து உதறிய அயிலை மீனின் முதுகு போல மினுங்கியது. அவர் எழுதியது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே வாங்கியது என்று கேட்டேன். கோட்டாறில் கடைசல் பிடிக்கிற ஒருவர் செய்து கொடுத்தது என்றார்.

அடுத்த விடுமுறைக்கே பஸ் ஏறிவிட்டேன்.

கடைசல்காரர் அதற்கு முன்பு கட்டில் காலும் தொட்டில் குமிழும் கடைந்துகொண்டிருந்தவர். பம்பாயிலிருந்து யாரோ ஒரு வியாபாரி செல்லுலாய்டு கம்புகள் கொண்டுவந்து காட்ட, அவருக்கு மரம் சலித்துப்போயிற்று. அவர் உளியைப் பிடிப்பார். எதிரே அவர் மனைவி உட்கார்ந்து, கம்பைச் சுழற்றும் கடைசல் பட்டடையின் கயிற்றை இழுப்பார். அந்தம்மாள் இழுக்கிற வேகத்தில்தான் பேனாவின் அழகு இருக்கிறது என்று அவரே சொல்வார். இருவருக்கும் சண்டை வந்த நாளில் கடைந்த பேனாவைத் தொட்டாலே தெரியும், உடம்பில் நெளிவு நெளிவாக இருக்கும். அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றே கேட்டு வாங்கினேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பேனா வேண்டும் என்று போனால் உடனே கம்பை எடுக்க மாட்டார். ஒரு தாளும் பழைய பேனாவும் கொடுத்து எழுதச் சொல்வார். என்ன எழுதுகிறோம் என்று பார்க்க மாட்டார், அவருக்கு வாசிக்கவும் வராது. கை எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே அழுத்துகிறது, எங்கே தூக்குகிறது என்று பக்கவாட்டில் குனிந்து பார்ப்பார். பிறகு அந்தக் கைக்கு ஏற்றபடி முள்ளின் நுனியை எண்ணெய்க் கல்லில் தேய்ப்பார். ஒருவர் கைக்குத் தேய்த்த முள்ளை இன்னொருவர் தொட்டால் கெட்டுப்போகும் என்பது அவருடைய கொள்கை. எனக்கும் அதே கொள்கை ஒட்டிக்கொண்டது. கையெழுத்துப் போட என்று என் பேனாவை யாராவது கேட்டால், கட்டைப் பேனாவைத்தான் நீட்டுவேன். கஞ்சன் என்று பெயர் வந்தது. வரட்டும்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று என்று பேனா சேர்ந்தது. அயிலை முதுகு முதலாவது. பிறகு ஆமையோட்டு நிறத்தில் ஒன்று, நுங்கு மாதிரி உள்ளே மை ஆடுவது தெரிகிற ஒன்று, இரத்தச் சிவப்பில் கறுப்பு நரம்பு ஓடிய ஒன்று. எல்லாவற்றையும் அயனி மரத்தில் செய்த ஒரு பெட்டியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவற்றை வரிசையாக வைத்துத் துணியால் துடைப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. என் அம்மை வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிள்ளை பெற்றவள்கூட இப்படித் துடைக்க மாட்டாள் என்பாள்.

செல்லுலாய்டில் சூடம் கலந்திருக்கிறது. அது இல்லாமல் அந்தப் பொருளே இல்லையாம். கம்பைக் கடையும்போது பட்டடை முழுக்கச் சூட வாசம் தூக்கும். கடைந்து முடித்த பேனாவிலும் அது போகாது. துணியால் வேகமாகத் தேய்த்துச் சூடேறினால் கோயில் நடையில் நிற்பது போல இருக்கும். கடைசல்காரர் மனைவி ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் சூடம் தீர்ந்துபோக, வாசம் ஒன்றுதானே என்று கடைந்து உதிர்ந்த ஒரு பிடி சுருளைப் பிள்ளையார் முன் கொளுத்திவிட்டாராம். அது புஸ்ஸென்று எழுந்து அவருடைய புருவத்தைப் பாதி தின்றுவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரிப்பார். நானும் சிரித்தேன். அந்த வாசம் என்னைக் கடிக்கும் என்று அப்போது தெரியவில்லை.

நாங்கள் மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். என் அப்பா வாலிபத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய அண்ணன் கடைசிவரை பெறவில்லை. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர் வீட்டு முற்றத்தில் இசக்கியம்மனுக்கு ஒரு பீடமும் இருந்தது. நாங்கள் எவ்வளவு ஒழுங்காகச் சபைக்குப் போனாலும், அந்தப் பீடம் எங்களைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று சபையில் சிலருக்கு ஓர் எண்ணம். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருப்பவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் அதிகம்.

அவள் அப்படி மூன்று தலைமுறை வீட்டுப் பெண்.

சபையில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கு நான் செயலாளர். அவள் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை எடுத்தாள். வாரம் முழுவதும் ஆஜர் புத்தகம் என் பொறுப்பு. எலி கடிக்காமல் இருக்க அதையும் பேனாப் பெட்டியிலேயே வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், தன் வகுப்புப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே அவள் அடையாளம் போட்டுத் திருப்பித் தருவாள். எங்களுக்குள் இருந்த கொடுக்கல் வாங்கல் இவ்வளவுதான். மற்ற ஆசிரியப் பெண்கள் எல்லாம் என்னை அண்ணன் என்று கூப்பிடுவார்கள். அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். நேரே வந்து நின்று, பார்த்துவிட்டு, பேச்சைத் தொடங்குவாள். அந்த அண்ணன் இல்லாத இடத்தை நான் ஒரு வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டு நடந்தேன். மகிழ்ச்சியாக இருந்தது என்று வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

அவள் எழுத்து இடப்பக்கம் சாயும். சின்ன வயதில் இடது கையால் எழுதப் போனவளை அடித்து வலது கைக்கு மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆபீஸ் கட்டைப் பேனா மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு எழுதுவாள். பார்க்க எனக்குப் பொறுக்காது. முடிந்துபோன ஒரு வருஷத்து ஆஜர் புத்தகத்திலிருந்து அவள் எழுதிய ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு கோட்டாறுக்குப் போனேன். இந்தக் கைக்கு ஒரு பேனா வேண்டும் என்றேன். கடைசல்காரர் தாளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஆளை அழைத்துவர முடியாதா என்றார். முடியாது என்றேன். அவர் மனைவி கயிற்றை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல், கம்புகளைக் கிளறி, பனங்கற்கண்டு நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். மெல்லிசாகக் கடைய வேண்டும் என்று புருஷனுக்குச் சொன்னார். மூடியில் பெயரின் முதல் எழுத்தை வெட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வெட்டவைத்ததும் அவர்தான்.

அதைக் கொடுக்க எனக்கு எந்த வழியும் இல்லை. அந்தத் தாளிலேயே சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். அது ஒன்பதாவது.

இந்த இடத்தில் என் அதிர்ஷ்டம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தது. எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கிய அம்மையிடம் சபை உபதேசியார் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். அது அவள் வீடு. அவள் அப்பாவுக்கு என் சர்க்கார் வேலை பிடித்திருந்தது. இசக்கி பீடத்தைப் பற்றி அவர்கள் வீட்டுப் பெண்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்களாம், உபதேசியார் சமாதானம் சொல்லிவிட்டாராம். உனக்குச் சம்மதமா என்று அம்மை கேட்டாள். உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய், தேவையில்லாமல் எட்டு வாளி தண்ணீர் இறைத்து ஊற்றினேன். ஒன்பதாவது பேனாவைக் கலியாணத்தன்று கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பெண் வீட்டார் வீடு காண வந்தார்கள். கலியாணத்துக்கு முன் பெண்ணின் ஆட்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து முறை. ஆண்கள் வெளியே உட்கார்ந்து பழமும் முந்திரிக்கொத்தும் தின்பார்கள். பெண்கள் அடுக்களை, கிணறு, அறை என்று ஒன்று விடாமல் கண்ணால் அளப்பார்கள். அவள் அப்பா, அம்மா, அம்மாவின் அக்காவான பெரியம்மை, இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவள் வர மாட்டாள், அதுவும் முறைதான்.

அன்று காலை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் ஒன்பது பேனாவையும் வெளியே எடுத்து, எண்ணெய்த் துணியால் பளபளவென்று தேய்த்துப் பெட்டியில் வைத்து, அறைச் சன்னலையும் சாத்திவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த சுத்தமான வேலை அதுதான். அதுதான் குடியைக் கெடுத்தது.

பெரியம்மைக்காரிக்கு நல்ல மூக்கு. அறைக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். சத்தமாகப் பேசவில்லை, ஆனால் வெளியே எல்லாருக்கும் கேட்டது.

“இஞ்ச சூடத்துக்க வாசம் வருதே.”

பிறகு அவள் அறையைச் சுற்றி வந்து பெட்டியின் மேல் கை வைத்தாள். இதில் என்ன இருக்கிறது என்று அம்மையிடம் கேட்டாள். அம்மைக்குப் பெட்டியில் பேனா இருப்பது தெரியும். ஆனால் பேனாவில் சூடம் இருப்பது அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை. அதனால், கேட்டது வேறு எதையோ பற்றி என்று பயந்து, அவள் முகம் வெளுத்துவிட்டது. நாலு வீடு தள்ளி இருந்த பீடம் அந்த ஒரு நிமிஷத்தில் எங்கள் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பெரியம்மைக்காரி பெட்டியைத் திறக்கச் சொன்னாள். அம்மை என்னைக் கூப்பிட்டாள்.

“மக்கா, பெட்டியத் திறந்து காட்டிரு.”

நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். திறந்தால் ஒன்பதாவது பேனா இருக்கிறது. கலியாணம் நிச்சயமாகாத ஒரு பெண்ணின் கையெழுத்துத் தாளில் சுற்றி, அவள் பெயரின் எழுத்து வெட்டிய பேனா. இவர்களுக்குள் முன்பே ஏதோ இருந்திருக்கிறது என்று சொல்ல அந்தக் காலத்தில் இதில் பாதி போதும். அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். இதையெல்லாம் நினைத்துத்தான் நான் திறக்கவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறு பாதி என் கோபம். என் வீட்டுக்குள் வந்து என் பெட்டியைச் சோதனை போட இவர்கள் யார் என்று தலைக்கு ஏறிவிட்டது. “தொறக்க முடியாது. நான் என்ன களவு சாமானா வச்சிருக்கேன்?” என்றேன்.

அவள் அப்பா பழத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். எல்லாரும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போய் வெகு நேரம் கழித்துக் கை கால் கழுவப் போனபோது, சட்டையைக் கழற்றினேன். பையில் அயிலை முதுகுப் பேனா இருந்தது. காலையில் தேய்த்து முடித்து மற்ற எட்டையும் பெட்டியில் வைத்தபோது, பழக்கத்தில் இதை மட்டும் பையில் குத்திக்கொண்டிருக்கிறேன். அதை எடுத்து, வாசம் இதிலிருந்துதான் வருகிறது, முகர்ந்து பாருங்கள் என்று நீட்டியிருந்தால் போதும். பெட்டியைத் திறக்கவே வேண்டியதில்லை. ஈரக் கையோடு அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். அழுதேன்.

அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வந்து கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் இருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஓய்வுநாள் பள்ளிக்கு அவளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் கலியாண அறிக்கை வாசித்தார். அவள் பெயர், கீரிப்பாறைப் பக்கம் மலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர் பெயர். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கேட்டார். மூன்று ஞாயிறும் அயிலை முதுகுப் பேனா என் பையில் இருந்தது. மூன்றாவது ஞாயிறு அதன் மூடியைத் திருகித் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் முறைத்தார்.

அதற்குப் பிறகும் பேனா வாங்கினேன். நிறுத்துவேன் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. கோட்டாறுக்குப் போகும்போதெல்லாம் கடைசல்காரர் மனைவி கயிற்றை இழுத்துக்கொண்டே, அந்தப் பனங்கற்கண்டுப் பேனா எப்படி எழுதுகிறது என்று விசாரிப்பார். நன்றாக எழுதுகிறது என்பேன். அழுத்துகிறதா என்பார். இல்லை, கை வலி குறைந்திருக்கிறதாம் என்பேன். ஒரு தடவை, முள் கொஞ்சம் கீறுகிறதாம் என்றுகூடச் சொல்லிவிட்டேன். கொண்டுவாருங்கள், தேய்த்துத் தருகிறேன் என்றார் கடைசல்காரர். பஸ் முழுக்க அந்தப் பொய்யை நினைத்துக்கொண்டே வந்தேன். அந்தப் பொய்யில் நானும் அவளும் ஒரு வீட்டில் இருந்தோம்.

ஒன்பதாவது பேனாவைப் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. அயிலை முதுகுக்குப் பக்கத்தில் சட்டைப்பையிலேயே குத்திக்கொண்டேன். ஆபீசில் எனக்கு ரெட்டைக்குழல் என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு குழலில் குண்டு இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது. இடையில் எனக்கும் இரண்டு மூன்று சம்பந்தம் வந்தது. ஏதோ காரணம் சொன்னேன். அம்மைக்குச் சலித்துவிட்டது.

ஆறு வருஷம் கழித்து அம்மைக்குக் கண்ணில் படலம் எடுக்க நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நோயாளியின் ஆட்கள் கஞ்சி வைத்துக் கொடுப்பதற்கு அப்போது பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. மறுநாள் காலை கஞ்சிப் பாத்திரத்தோடு அங்கே போனபோது அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவள்தான். பெரியம்மையை வயிற்று வலிக்குச் சேர்த்திருக்கிறார்களாம், துணைக்கு வந்திருக்கிறாளாம். இரண்டு பிள்ளைகள், மூத்தது பள்ளிக்கூடம் போகிறது. மலையில் அட்டைக் கடி அதிகம். எல்லாம் வரிசையாகச் சொன்னாள். அப்போதும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

கொட்டகையில் இன்னும் நாலைந்து பேர் அவரவர் அடுப்பில் இருந்தார்கள். அவள் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“அந்தப் பெட்டியில பேனாதானே இருந்துது?”

கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். யார் சொன்னது என்றேன்.

“யாரும் சொல்லாண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆஜர் புத்தகம் எனக்க கையில வரும்போ அதே வாசம்தானே வரும். பெரியம்மை வந்து சூடம்னு சொன்ன அன்னைக்கே எனக்கு விளங்கிட்டு.”

பின்னே ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்து அடுப்புக்காரி திரும்பிப் பார்த்தாள். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அன்று முதல் தடவையாக என்னை நேரே பார்த்தாள்.

“எப்பிடிச் சொல்லுவேன்? அவருக்க வாசம் ஒனக்கு எப்பிடித் தெரியும்னு அம்மை கேட்டா, புத்தகத்த முகர்ந்து பாப்பேன்னா சொல்ல முடியும்?”

அவளைக் காப்பாற்ற நான் வாயை மூடியிருந்தேன். தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவள் மூடியிருந்தாள். இரண்டு பேரில் ஒருவர் கொஞ்சம் வெட்கம் கெட்டவராக இருந்திருந்தால் போதும்.

சட்டைப்பையிலிருந்து பனங்கற்கண்டுப் பேனாவை எடுத்து நீட்டினேன். உனக்குச் செய்தது, அன்று பெட்டியில் இருந்தது என்று மட்டும் சொன்னேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். மூடியில் இருந்த எழுத்தைக் கட்டை விரலால் தடவினாள். திருகித் திறந்து, மை இல்லாத முள்ளைத் தன் உள்ளங்கையில் வைத்து, அவள் வழக்கப்படி இடப்பக்கம் சாய்த்து ஒரு கோடு இழுத்தாள். உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்து மறைந்தது. கீறவில்லை என்றாள். அவள் கைக்கு அது சரியாக இருந்தது.

பிறகு மூடியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடி, நிதானமாக ஒரு மூச்சு இழுத்தாள். கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

பெண்கள் வார்டிலிருந்து பெரியம்மை கூப்பிடும் சத்தம் கேட்டது. அவள் மூடியைத் திருகி, பேனாவை என் கையில் திருப்பி வைத்தாள்.

“இத நான் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வாசம் வருமே.”